காது எட்டவில்லையாம்!



ஆலங்குடி வட்டாரத்துப் பாட்டனார் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். தம்மைப் பள்ளியில் சேர்த்த கதையைச் சொல்வார். பிறந்த நாளை யார் குறித்து வைத்தார்? வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். விரல் எட்டிற்றா, வயது ஐந்து! எட்டவில்லையா, அடுத்த ஆண்டு வா! எளிய அளவுகோல்தான், ஆனால் ஏழைக்குப் பொல்லாதது. அரைவயிற்றுக் கஞ்சியில் வளர்ந்த பிள்ளைக்குக் கை எங்ஙனம் நீளும்? பசியை அளந்து, அதற்கு வயதென்று பெயர் சூட்டினர்.

அந்த அளவுகோல் ஒழிந்தது. அளக்கும் ஆசை ஒழிந்ததா? இன்று மழலையர் வகுப்பின் வாயிலிலே, மூன்று வயதுச் சிட்டினை நாற்காலியில் இருத்தி, நிறம் சொல், எழுத்தைக் காட்டு, ஆங்கிலத்தில் பெயர் சொல் என்கின்றனர் சிலர். கூடவே, தந்தையின் தொழிலென்ன, தாயின் படிப்பென்ன என்றொரு விசாரணை!

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கவில்லையா என்பீர்கள். பிள்ளையையோ பெற்றோரையோ சலித்தெடுக்கும் தேர்வு கூடாதென்கிறது அதன் 13ஆம் பிரிவு. மீறினால் முதன்முறை 25,000 ரூபாய் வரை தண்டம். நன்று! ஆனால் அச்சட்டம் தரும் உரிமை 6 வயதில்தான் தொடங்குகிறது. நலிந்தோர்க்கான 25 விழுக்காட்டு இடங்கள் நீங்கலாக, மழலையர் சேர்க்கைக்கு அது பொருந்தாதென்று 2013இல் டெல்லி உயர்நீதிமன்றம் கூறிவிட்டது. 11ஆம் பிரிவோ, மூன்று வயது கடந்தோர்க்கு அரசு முன்பருவக் கல்வி ஏற்பாடு 'செய்யலாம்' என்கிறது. செய்யலாமாம்! சோறு போடலாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பவன் வீட்டுப் பந்தியில் யார் பசி தீரும்?

பிள்ளை பக்குவப்பட்டதா என்று பார்க்கவே வேண்டாமா? வேண்டும், பார்க்க வேண்டியவை வேறு. தாயைச் சில மணி நேரம் பிரிந்திருக்குமா? சிறுநீர் வருகிறதெனச் சொல்லுமா? தானே அள்ளி உண்ணுமா? ஒரு பொம்மைக்காகச் சண்டையிட்ட பிள்ளையோடு மறுபடியும் சேர்ந்து விளையாடுமா? இவற்றுள் ஒன்றிரண்டு குறைந்தாலும் கதவடைக்கக் காரணமன்று, ஆசிரியை பழக்கிவிடுவார். பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள். காதைச் சோதிக்க வேண்டுமானால், அதுவே சோதனை!

எழுத்துக்கு மட்டும் அவசரம் வேண்டாம். மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளும் பிறக்கையில் வெறும் குருத்தெலும்பு. மூன்று வயதிலும் அவற்றுட் பெரும்பாலானவை அப்படியே. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து, கோடு வளைந்ததென்று தலையில் குட்டுவது கொடுமை. குட்டுவோரில் நம் இயக்கத் தோழர்களும் உண்டு, அறிவேன்.

கீரமங்கலம் பக்கம், விடியுமுன் பூப்பறிக்கச் செல்லும் தாய்க்கு நேர்முகத் தேர்வுக்கு நேரமேது? அவள் நம்பியிருப்பது அங்கன்வாடியை. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலிருந்த 2,381 மையங்களில் 2019 சனவரியில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டன. 2022இல் அவற்றை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்தபின் தொடர்வோம் என்றனர். மாநிலத்திலுள்ள மையங்களோ ஏறத்தாழ 54,000! எஞ்சியவற்றின் பிள்ளைகள் எவ்விடம் செல்வர்? கட்டணம் கேட்கும் வாயிலுக்குத்தானே!

சட்டத்தின் 'செய்யலாம்' என்பது 'செய்தல் வேண்டும்' என மாற வேண்டும். அது நாடாளுமன்றத்தின் வேலை. நம் வேலை உள்ளூரில் இருக்கிறது: அடுத்த கிராம சபை கூடும்போது, ஊர் அங்கன்வாடிக்கு மழலையர் வகுப்பும் அதற்கெனத் தனி ஆசிரியையும் வேண்டுமென்று தீர்மானம் கொடுங்கள். பூப்பறிக்கும் தாய்மாரையும் அழைத்துச் செல்லுங்கள், அவர்களே பேசட்டும்.