கண்ணீர்க் குப்பியா, தைலக் குப்பியா?

இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் பிற நாட்டுக் காட்சிக்கூடங்களிலும், ஒரு சாண் நீளம்கூட இல்லாத உரோமானியக் கண்ணாடிக் குப்பிகள் பல உள்ளன. ஒடுங்கிய கழுத்துடைய இவற்றைக் 'கண்ணீர்க் குப்பிகள்' என்றழைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இறந்தோருக்காக அழுதவர்கள் தம் கண்ணீரை இவற்றில் ஏந்திக் கல்லறையில் வைத்தார்களாம். திருப்பாடல் 56 கூறுவதும் இதைத்தானாம். மறையுரைகளிலும் இதைக் கேட்கிறோம். புனித நாட்டுப் பயணத்தின் நினைவாக இத்தகைய குப்பிகளை வாங்கியும் வருகிறோம். இக்கதையை இனியும் சொல்லலாகாது என்பதே நம் வாதம்.

ஊதுகுழலால் கண்ணாடிக் கலம் செய்யும் தொழில் கி.மு. முதல் நூற்றாண்டில் சிரியா, பாலஸ்தீனப் பகுதியில் தோன்றியது. எருசலேமின் யூதர் பகுதியில் 1970களில் நிகழ்ந்த அகழாய்வு, அக்காலப் பட்டறைக் கழிவுகளை வெளிக்கொணர்ந்தது. அதன்பின் கண்ணாடி மலிந்தது. உரோமையில் ஒரு செப்புக்காசுக்குக் கண்ணாடிக் கிண்ணம் கிடைத்ததென ஸ்திராபோ எழுதியுள்ளார். இதற்கு நெடுங்காலம் முன்பே பாடிய திருப்பாடலாசிரியர் இக்குப்பியைக் கண்டிருக்க இயலாது. அவர் பயன்படுத்திய எபிரேயச் சொல் தோற்பையைக் குறிப்பது.

அப்படியானால் குப்பிகளில் இருந்தது என்ன? நறுமணத் தைலமே. சிலவற்றின் உட்புறப் படிவுகளில் எண்ணெயின் எச்சங்கள் கிடைத்துள்ளன. விலையுயர்ந்த தைலம் துளித்துளியாய் வடியவே கழுத்து ஒடுக்கப்பட்டது. இறந்தோர்க்குத் தைலம் பூசும் வழக்கத்தால் அவை கல்லறைக்குச் சென்றன. கண்ணீர்ப் பெயரைச் சூட்டியவர்கள், பழம்பொருள் திரட்டிய பிற்கால ஐரோப்பியர்.

'பக்தியை வளர்க்கும் கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டும்' என்பாரும் உளர். அவர்களிடம் இரண்டு கேட்கிறோம். நாளை நம் பிள்ளைகள் அருங்காட்சியகத்தில் 'தைலக் குப்பி' என்ற குறிப்பைப் படித்தால், நாம் கற்பித்த திருப்பாடலையும் சேர்த்தல்லவா ஐயுறுவார்கள்? குப்பி நிறைய அழுதவரே மிகுதியாய் அன்பு செய்தவர் என்று இக்கதை கண்ணீருக்கு அளவுகோல் வைக்கிறதே. துயரத்தால் உறைந்து, ஒரு சொட்டுக் கண்ணீரும் வராமல் அமர்ந்திருக்கும் கைம்பெண்ணுக்கு அது என்ன ஆறுதல் தரும்?

லூக்கா நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பரிசேயர் வீட்டுக்கு வந்த பெண் சிமிழில் கொணர்ந்தது நறுமணத் தைலம். அவருடைய கண்ணீரோ நேரே ஆண்டவரின் காலடிகளை நனைத்தது. அதை ஏந்த எந்தக் கலமும் தேவைப்படவில்லை.