ஆறு ஸ்டூல், நாற்பது பெண்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு தொழிலாளர் நலத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

2008 முதல் 2023 வரை மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் சேலை எடுத்துப்போட்டவள் நான். இப்போது வீட்டில் தையல். இடது கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது. நடந்தால்கூடப் பரவாயில்லை, சதை அசைந்தால்தான் கால் ரத்தம் மேலே ஏறும் என்றார் டாக்டர். நாங்கள் எங்கே நடந்தோம்? கவுண்டருக்கும் அலமாரிக்கும் நடுவில் நாலடி. அதற்குள் காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை நிற்பதுதான் வேலை. சட்டத்தில் எட்டு மணி நேரம் என்று இருப்பதே எனக்கு வேலையை விட்ட பிறகுதான் தெரியும்.

2021 செப்டம்பரில் உங்கள் துறை ஒரு நல்ல காரியம் செய்தது. 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்றது. டிவியில் செய்தி ஓடிய இரவு, எங்கள் கடை ஹாஸ்டலில் தரையில் படுத்துக் காலைச் சுவரில் தூக்கி வைத்திருந்த பிள்ளைகள் அப்படியே படுத்தபடி கைதட்டினார்கள். அதற்கு முதலில் நன்றி. நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் வேண்டும் என்று ஆலைகளுக்கு 1948-லேயே எழுதிவிட்டார்கள், தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவில். கடைக்கு வந்துசேர எழுபத்து மூன்று வருடம் ஆனது.

இந்தப் பிரிவு கோட்டையில் முளைப்பதற்கு முன்னால் கோழிக்கோட்டில் முளைத்தது. அங்கே மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரர், கடைப் பெண்களைச் சேர்த்துப் பெண்கூட்டு என்று ஓர் அமைப்பு தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலி அல்ல, கழிப்பறை. அடக்கிக்கொள்ள வேண்டுமே என்று பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்த பெண்கள் அவர்கள். (எங்கள் கடையில் கழிப்பறை நாலாவது மாடியில் இருந்தது, ஸ்டாஃப் லிஃப்டில் ஏறக்கூடாது. நீர்க்கடுப்பு வராதவள் எங்களில் யாரும் இல்லை.) உட்காரும் உரிமைப் போராட்டம் அதற்குப் பிறகு வந்தது. பெயர்பெற்ற சங்கங்களில் இந்தப் பெண்களின் குரலுக்கு இடமில்லாததால் தங்களுக்கென்று தனிச் சங்கம் கண்டார்கள். 2018-இல் கேரளம் தன் சட்டத்தைத் திருத்தியது. மூன்று வருடம் கழித்து நாம். அந்தப் பெண்கள் தெருவில் உட்கார்ந்ததால்தான் எங்களுக்குக் கடையில் உட்காரச் சட்டம் வந்தது.

சரி, சட்டம் வந்த பிறகு என்ன நடந்தது? எங்கள் மாடிக்கு ஆறு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. மாடியில் நாங்கள் நாற்பது பேர். ஸ்டூல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக டிரையல் ரூமுக்குப் பின்னால் நின்றன. அவையும் எங்களைப் போலத்தான் போலிருக்கிறது. அதிகாரி வருகிறார் என்றால் கவுண்டருக்கு வரும், அவர் லிஃப்டில் இறங்கியதும் திரும்பிப் போகும். ஒரு புதன்கிழமை மதியம், கூட்டமே இல்லை, மாதவிலக்கு வலி தாங்காமல் ஒரு பிள்ளை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அபராதம் இல்லை, மெமோ இல்லை. மறுநாள் அவளை வாசலுக்கு மாற்றினார்கள். வாசல் என்றால் பட்டுச்சேலை கட்டி, கைகூப்பி, உள்ளே வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்வது. அங்கே உட்காரும் பேச்சே கிடையாது. அதன்பிறகு ஒருத்தியும் ஸ்டூலைத் தொடவில்லை.

இதற்கு வழிவிட்டது சட்டத்தின் வாசகம்தான். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்காரலாம் என்கிறது அது. வாய்ப்புக் கிடைத்ததா என்று பார்ப்பது யார்? சூப்பர்வைசர். அவர் கணக்கில் ஆள் இல்லாத கவுண்டரிலும் வேலை உண்டு: மடித்த சேலையை மறுபடி மடிக்க வேண்டும்.

பெண் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று முதலாளிகள் உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். என் அம்மா கூட்டிப்போன பழைய ஜவுளிக்கடைகளில் தரையில் வெள்ளை மெத்தை விரித்திருக்கும். வாங்குகிறவரும் உட்கார்ந்திருப்பார், விற்கிறவரும் உட்கார்ந்திருப்பார். விற்றவர் ஆண். அந்தக் கடைகள் நொடித்தா போயின? மெத்தை போய்க் கண்ணாடிக் கவுண்டர் வந்தது. அதற்குப் பின்னால் நிற்கக் குறைந்த சம்பளத்தில் கிராமத்துப் பிள்ளைகள் வந்தார்கள். 2010-இல் அங்காடித் தெரு படம் வந்தபோது ஊரே அழுதது. அழுதவர்கள் அடுத்த வாரமே எங்களிடம் வந்து அறுபது சேலை இறக்கச் சொல்லி, ஒன்றும் எடுக்காமல் போனார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. சேலை பார்க்கும்போது யாரும் காலைப் பார்ப்பதில்லை.

ஆகவே கேட்கிறேன். எத்தனை பேருக்கு எத்தனை இருக்கை என்று விதியில் எண்ணைப் போட்டு எழுதுங்கள். இருக்கை கவுண்டருக்குப் பின்னாலேயே இருக்கட்டும். உட்கார்ந்ததற்காகப் பிரிவு மாற்றுவதும் தண்டனைதான் என்று சேர்த்து எழுதுங்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலாளி அறையில் காபி குடித்துவிட்டுப் போகாமல், இரவு கடை மூடிய பிறகு ஹாஸ்டலில் பெண்களிடம் தனியாகக் கேட்கட்டும். ஒவ்வொரு மாடியிலும் கழிப்பறை வேண்டும். நாற்காலிக்கு முன்னால் கோழிக்கோட்டுப் பெண்கள் கேட்டது அதைத்தான்.

இன்னொன்று. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, முன்கூட்டிச் சொல்லாமல், காரைத் தள்ளி நிறுத்திவிட்டு ஏதாவது ஒரு கடையின் பட்டுப் பிரிவுக்குப் போங்கள். பத்துச் சேலை எடுத்துப்போடச் சொல்லுங்கள். பிறகு எதிரே நிற்கும் பெண்ணிடம், "நீயும் உட்காரும்மா" என்று சொல்லிப் பாருங்கள். அவள் உங்களைப் பார்க்க மாட்டாள். நிமிர்ந்து மேலே பார்ப்பாள். காமிரா அங்கேதான் இருக்கும்.

இப்படிக்கு,
பதினைந்து வருடம் நின்ற ஒருத்தி