"நாளைக்கு ஓடலாம்தானே?"

சனிக்கிழமை விடியற்காலை நாலரை மணி. இங்கிலாந்தில் ஒரு தமிழ் இல்லத்தின் அடுக்களையில் மின்விளக்கு எரிகிறது. கணவர் துவிச்சக்கர வண்டியின் சக்கரங்களுக்குக் காற்று அடித்துவிட்டார். போத்தல்களில் தண்ணீர் நிரப்பியாயிற்று, வாழைப்பழங்களும் பையில் ஏறிவிட்டன. மனைவி இறங்கி வந்து, காலை ஒன்பது மணிக்குப் பூங்காவில் நடக்கும் ஓட்டத்துக்குத் தாம் போக இருந்ததை நினைவூட்டுகிறார். "பிள்ளைகளை ஆர் பார்க்கிறது? நீர் நாளைக்கு ஓடலாம்தானே?" என்று சொல்லிவிட்டுக் கணவர் கதவைச் சாத்திக்கொண்டு புறப்படுகிறார்.

சொன்னவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நாளை தாம் வீட்டில் இருப்பார் என்றே அவர் நம்புகிறார். ஆனால் ஞாயிறு விடியும்போது அவர் அடித்துப் போட்டவர் போல உறங்குகிறார். பிள்ளைகளின் காலை உணவு, திங்கட்கிழமைக்கான பாடசாலை உடுப்பு, மத்தியானச் சமையல் என்று மனைவியின் பொழுது கரைந்துவிடுகிறது. அவருடைய ஓடும் சப்பாத்து வாசலிலேயே கிடக்கிறது. அந்த "நாளை" பல வீடுகளில் வருவதேயில்லை.

இதில் யார் குற்றவாளி என்று தேடுவதால் பயன் ஒன்றுமில்லை. கணக்கைப் பார்ப்பதே பயன் தரும்.

துவிச்சக்கர வண்டி ஓட்டுபவர்களுக்கு இன்று பெரும் கனவாக விளங்கும் பயணங்களுள் ஒன்று பாரிஸ்–பிரெஸ்ற்–பாரிஸ். 1891 ஆம் ஆண்டு ஒரு பத்திரிகை ஆசிரியரின் முயற்சியால் பந்தயமாகத் தொடங்கிய இது, இன்று பந்தயமாக அன்றி, குறித்த நேரத்துக்குள் முடிக்கவேண்டிய நெடும் பயணமாக நடைபெறுகிறது. பாரிஸ் பக்கத்திலிருந்து மேற்குக் கடற்கரையில் உள்ள பிரெஸ்ற் துறைமுக நகர்வரை சென்று திரும்பவேண்டும். தூரம் ஏறக்குறைய 1200 கிலோமீற்றர். உறக்கம், உணவு எல்லாம் உட்பட அதிகபட்சமாகக் கிடைக்கும் நேரம் 90 மணி. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையே நடைபெறுவதால், 2023 ஆம் ஆண்டைத் தவறவிட்டவர்கள் 2027 ஆம் ஆண்டை எதிர்பார்த்து இருக்கிறார்கள். பிரித்தானியாவிலிருந்து இப்பயணத்துக்குச் செல்வோர் தகுதி பெறுவதற்கென்றே 1976 இல் ஒரு சங்கம் தொடங்கப்பட்டதென்றால், இந்த ஆசை எவ்வளவு பழையது என்பது விளங்கும்.

மேற்பார்வைக்கு இது ஓகஸ்ற் மாதத்தில் நாலு நாள் வேலை. "நாலு நாள்தானே" என்றுதான் பெரும்பாலான கணவர்மார் முதலில் வீட்டில் பேச்சை எடுக்கிறார்கள். உண்மைக் கணக்கு வேறு. அந்தப் பயணத்தில் சேர்வதற்குத் தகுதி பெற, அதே பருவத்தில் 200, 300, 400, 600 கிலோமீற்றர் என நான்கு பயணங்களை முடித்திருக்கவேண்டும். அவற்றுக்கு அனுமதிக்கப்படும் நேரம் முறையே பதின்மூன்றரை, 20, 27, 40 மணி. கூட்டிப் பார்த்தால் 1500 கிலோமீற்றர், நூறரை மணி நேரம். வேகமாக ஓட்டுபவர் சற்று முன்னதாக முடிக்கலாம். ஆனாலும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்படும் ஒருவருக்கு 600 கிலோமீற்றர் பயணத்தின் நேரம் முடிவது ஞாயிறு இரவு பத்து மணிக்கு என்பதை மனைவிமார் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. இவை யாவும் பரீட்சைகள் மட்டுமே. பரீட்சைக்குப் படிக்கும் நேரம், அதாவது பனிக்காலத்துச் சனி ஞாயிறுப் பயிற்சிகள், இதில் அடங்கவில்லை.

இனி மனைவியின் கணக்கு. பிரித்தானியாவின் தலைமை மருத்துவ அலுவலர்கள் 2019 இல் வெளியிட்ட அறிவுரைப்படி, வளர்ந்தவர் ஒருவருக்குக் கிழமையில் 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 நிமிடம் கடுமையான பயிற்சி வேண்டும். அத்துடன் தசைகளை உறுதியாக்கும் பயிற்சி இரண்டு நாட்களுக்கு வேண்டும். ஓடுவது கடுமையான பயிற்சியில் சேரும். ஆகவே கிழமையில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 25 நிமிடம் ஓடினால் போதுமானது. ஒருவருடைய தகுதிப் பயணங்களுக்கு நூறு மணி நேரம் ஒதுக்கக்கூடிய குடும்பத்தில், மற்றவருக்குக் கிழமைக்கு ஒன்றேகால் மணி நேரம் கிடைக்கவில்லை என்றால், அது நேரப் பஞ்சம் அன்று. பங்கீட்டில் உள்ள குறை.

இங்கே ஒரு கேள்வி எழலாம். கணவர் செய்வது அரிய சாதனை. மனைவி செய்வது பூங்காவைச் சுற்றி ஓர் ஓட்டம். சிறியது பெரியதற்கு வழிவிட்டால் என்ன?

மருத்துவ நோக்கில் பார்த்தால் இங்கே சிறியது எது, பெரியது எது என்பது தலைகீழாக மாறிவிடுகிறது. தெற்காசிய இனத்தவர்க்கு இரண்டாம் வகை நீரிழிவு ஐரோப்பியரைவிடக் குறைந்த வயதிலும் குறைந்த உடற்பருமனிலும் வருகிறது. அதனாலேயே இந்நாட்டில் உடற்பருமன் எண் 25 ஐத் தாண்டினால் மற்றவர்களுக்கு விடுக்கப்படும் எச்சரிக்கை, தெற்காசியருக்கு 23 இலேயே விடுக்கப்படுகிறது. கருவுற்ற காலத்தில் நீரிழிவு கண்ட தாய்மார்களின் நிலை இன்னும் கவனத்துக்குரியது. பிள்ளை பிறந்ததும் இரத்தத்தில் சர்க்கரை பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வீட்டாரும் மறந்துவிடுவார்கள். ஆனால் அந்நிலை ஏற்படாத தாய்மாரோடு ஒப்பிட்டால், இவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பத்து மடங்கு என்று 2020 இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்புக் காட்டியது. அப்படிப்பட்ட தாய்மார் ஆண்டுக்கு ஒருமுறை எச்.பி.ஏ.1.சி என்னும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும் என்பது இந்நாட்டு மருத்துவ விதி. இத்தகைய ஒருவர் வாசலில் சப்பாத்தைக் கட்டும்போது, அவர் பொழுது போக்கப் புறப்படவில்லை. மருந்து எடுக்கப் புறப்படுகிறார்.

அந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. அதைச் சேமித்து வைக்க முடியாது. ஓடும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. இன்சுலினும் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் இந்தப் பயன் ஒருநாள் முதல் மூன்று நாள் வரையே நிலைக்கும். பிறகு மறைந்துவிடும். நீரிழிவு உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் பயிற்சியின்றி இருக்கலாகாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனாலேயே. "நாளைக்கு ஓடலாம்தானே" என்ற சொல் ஒருமுறை சொல்லப்பட்டால் கெடுதி இல்லை. கிழமைதோறும் சொல்லப்பட்டால், மாத்திரையைக் கிழமைதோறும் தள்ளிப் போடச் சொல்வதற்கு ஒப்பாகும். கணவரின் 1200 கிலோமீற்றரோ ஒருமுறை நடந்து முடிகிற காரியம். அடுத்த பங்குனியில் அவருடைய இருதயத்தைக் காக்கப்போவது அந்தப் பதக்கம் அன்று. அடுத்த பங்குனியிலும் அவர் விடாமல் செய்யும் பயிற்சியே.

எலும்பின் கதையும் உண்டு. துவிச்சக்கர வண்டி இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் மிக நல்லது. முழங்காலையும் அதிகம் வருத்தாது. ஆனால் உடலின் பாரத்தை இருக்கை தாங்குவதால் எலும்புக்கு வேலை இல்லை. ஓடும்போது ஒவ்வோர் அடியும் எலும்பைத் தட்டி உறுதியாக்குகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தை அணுகும் பெண்ணுக்கு இது பெரிய நன்மை. நெடுந்தூரம் வண்டியோட்டும் கணவருக்கும், மனைவியோடு கிழமையில் ஒருநாள் ஓடுவது எலும்புக்கு நல்ல காப்பு.

இதனால் கணவர் வண்டியைக் கொட்டிலில் பூட்டிவைக்கவேண்டும் என்பது பொருளன்று. நாற்பது வயதுக்கு மேல் ஒருவர் கதிரையைவிட்டு எழுந்து, குறிக்கோள் வைத்து உழைப்பது போற்றத்தக்கது. தந்தை மழையிலும் புறப்படுவதைக் காணும் பிள்ளைகள் சொல்லாமலே பாடம் கற்கிறார்கள். சில வீடுகளில் நெடுந்தூரம் வண்டியோட்டுபவர் மனைவி. ஓட நேரம் தேடுபவர் கணவர். அங்கும் கணக்கு இதுவே. பெரிய குறிக்கோள் உள்ளவர் எவரோ, அவருக்கே மற்றவரின் சிறிய நேரத்தைக் காக்கும் கடமை அதிகம்.

அதற்குச் செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. முதலாவது, ஆண்டுத் தொடக்கத்தில் நாட்காட்டியை இருவருமாக மேசையில் விரித்து வைக்கவேண்டும். வழக்கமாக முதலில் எழுதப்படுவது பெரிய பயணங்கள். மிச்சமான இடத்தில் மற்றவை. இதை மாற்றி, கிழமைதோறும் வரும் மூன்று ஓட்டங்களை முதலில் எழுதிவிட்டு, பயணங்களை அவற்றின் இடையே பொருத்த வேண்டும். முட்டுகின்ற நாட்களில் வேறு நேரத்தை அன்றே குறித்துவிடவேண்டும். "பிறகு பார்ப்போம்" என்பது நேரம் ஆகாது.

இரண்டாவது, பயணத்தின் விலையில் உறக்கத்தையும் சேர்க்கவேண்டும். 400 கிலோமீற்றர் ஓட்டி ஞாயிறு காலை வந்து சேர்பவர் வீட்டில் இருக்கிறார், ஆனாலும் இல்லை. அவரை நம்பிச் சிறு பிள்ளைகளை விட்டுச் செல்வது சரியன்று. அந்த ஞாயிறும் அவர் எடுத்துக்கொண்ட நாளே. இரவு முழுவதும் உறங்காதவர் காரை ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவது, வண்டிப் பயணத்தைவிட ஆபத்தானது என்பதையும் மறக்கலாகாது.

மூன்றாவது, பயிற்சியைக் குடும்பத்தின் நேரத்திலிருந்து எடுக்காமல், வேலைக்குப் போய்வரும் நேரத்திலிருந்து எடுக்கலாம். போக 15, வர 15 கிலோமீற்றர் என நாலு நாள் வண்டியில் வேலைக்குச் சென்றால், கிழமைக்கு 120 கிலோமீற்றர் சேர்ந்துவிடும். மாரி காலத்தில் பிள்ளைகள் உறங்கியபின் வீட்டுக்குள்ளேயே வண்டியை நிலைப்படுத்தி மிதிக்கும் கருவியும் உண்டு.

நாலாவது, பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். 2004 ஆம் ஆண்டு இலண்டன் புஷி பூங்காவில் 13 பேருடன் தொடங்கிய பார்க்ரன் இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது. சனிக்கிழமை 5 கிலோமீற்றர், கட்டணம் இல்லை, நடந்தும் முடிக்கலாம். சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை குறுக்கிட்டால், ஞாயிறு காலை 4 முதல் 14 வயதுவரையான பிள்ளைகளுக்கு 2 கிலோமீற்றர் ஓட்டம் பல பூங்காக்களில் உண்டு. தாய் பிள்ளையோடு கூடவே ஓடலாம். ஓடியே பழகாதவர்க்கு, ஒன்பது கிழமைகளில் 5 கிலோமீற்றர் ஓடப் பழக்கும் முறை ஒன்றைத் தேசிய சுகாதார சேவை வகுத்துள்ளது. நெஞ்சு வலி, மயக்கம், வழமைக்கு மாறான களைப்பு உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் காணவேண்டும். அண்மையில் மகப்பேறு கண்டவர்கள் குறைந்தது மூன்று மாதம் பொறுப்பது நலம்.

ஐந்தாவதாக, அம்மம்மா பற்றி ஒரு சொல். பல வீடுகளில் கணவர் பயணம் போக, மனைவி ஓடப் போக, பேரப்பிள்ளைகள் எழுபது வயதுப் பாட்டியின் கையில் விடப்படுகிறார்கள். அவர் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார். அவருக்கும் முழங்கால் உண்டு, களைப்பு உண்டு. இருவர் கடனை மூன்றாமவர் தலையில் ஏற்றிவிட்டுச் சமன் ஆகிவிட்டதாகச் சொல்லக்கூடாது.

இறுதியாக ஒன்று. ஓகஸ்ற் முடிந்து பதக்கத்துடன் வீடு திரும்புபவரை ஒரு வெறுமை பற்றிக்கொள்வது உண்டு. உடனே அடுத்த சவாலைத் தேடத் தோன்றும். அப்பொழுது வண்டியைச் சற்று ஓய வைத்து, வீட்டில் மற்றவருக்கு என்ன ஆசை என்று கேட்பது நல்லது. பத்துக் கிலோமீற்றர் ஓட்டமாக இருக்கலாம். அரை மரதனாகவும் இருக்கலாம். அந்த ஆண்டு அவருடைய ஆண்டாகட்டும். பிள்ளைகளுக்குக் காலை உணவு கொடுப்பவர் வண்டியோட்டியாக இருக்கட்டும்.

அதற்குமுன், வருகின்ற சனிக்கிழமையிலேயே ஒரு சிறு மாற்றத்தைச் செய்துபார்க்கலாம். விடியற்காலை நாலரை மணிக்குப் புறப்படும் கணவர், அன்று பத்தரை மணிக்குப் புறப்படட்டும். 300 கிலோமீற்றருக்குப் பதிலாக 200 தான் ஓட முடியும். பயிற்சியில் அது ஒரு நாள் நட்டம்தான். ஆனால் ஒன்பது மணிக்கு மனைவி சப்பாத்தைக் கட்டும்போது, அடுக்களையிலிருந்து ஒரு குரல் கேட்கும்: "பிள்ளைகளை நான் பார்க்கிறன். நீர் இண்டைக்கே ஓடும்."