வெப்சைட் கட்டத் தெரிந்தால் போதுமா?

வீட்டுக்கு கம்ப்யூட்டர் வந்து ஒரு மாதம் ஆவதற்குள் கல்லூரியில் படிக்கும் பிள்ளையிடமிருந்து ஒரு கேள்வி வரும். ‘வெப் டிசைனிங் கோர்ஸ் சேரட்டுமா?’ தாராளமாகச் சேரட்டும். ஆனால் அந்த கோர்ஸில் சொல்லித் தருவது பாதி வேலைதான். வெப்சைட்டைக் கட்டுவது சில நாள் வேலை. அதில் உள்ள தகவலை ஆண்டுக்கணக்கில் சரியாக வைத்திருப்பதுதான் நிஜமான வேலை. அதை மாணவர்களுக்குச் சொல்லித் தரும் இடங்கள் குறைவு. பள்ளி, கல்லூரிகள் தங்கள் வெப்சைட்டுக்கு மாணவர்களையே உதவியாளர்களாக வைத்து இந்த வேலையைப் பழக்க வேண்டும் என்பது என் கருத்து. நகரத்தைவிட மலைப் பகுதிக்கு இது மிகவும் தேவை. ஜவ்வாது மலையை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

ஜவ்வாது மலையைத் தேடிப் பாருங்கள்

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இந்த மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவி இருக்கிறது. இன்டர்நெட்டில் இதைத் தேடினால் முதல் சிக்கல் பெயரிலேயே வரும். தமிழில் ஜவ்வாது என்றும் சவ்வாது என்றும் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் நடுவில் ‘வி’ போடுபவர் உண்டு, ‘டபிள்யூ’ போடுபவர் உண்டு. கடைசி எழுத்துகளும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு எழுத்துக்கூட்டலில் தேடுபவருக்கு இன்னொரு எழுத்துக்கூட்டலில் உள்ள நல்ல பக்கம் கண்ணில் படாமலே போகலாம்.

அடுத்து மாவட்டம். 2.34 மீட்டர் டெலஸ்கோப் இருக்கும் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இந்த மலையில்தான் உள்ளது. பழைய பக்கங்களில் காவலூர், வேலூர் மாவட்டம் என்று இருக்கும். எழுதிய நாளில் அது சரி. ஆனால் 2019 நவம்பர் 28-ம் தேதி வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு திருப்பத்தூர் தனி மாவட்டமானது. காவலூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எழுதியவர் தப்பு செய்யவில்லை. அதன்பின் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது சிக்கல் இன்னும் பெரியது. இந்த மலையில் வாழும் பழங்குடி மக்களின் பெயர் மலையாளி. இங்கே மலையாளி என்றால் மலையில் வாழ்பவர் என்று பொருள். இவர்கள் பேசுவது தமிழ். ஆனால் ‘மலையாளி’ என்று தேடினால் கேரள மக்களைப் பற்றிய பக்கங்கள்தான் வரிசைகட்டி வரும். தங்கள் பெயரைத் தேடினால் தாங்களே கிடைக்காத நிலை. இதை வெளியூர் டிசைனர் எவ்வளவு அழகான டெம்ப்ளேட் போட்டும் சரிசெய்ய முடியாது. விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து, யார் இவர்கள், எங்கே வாழ்கிறார்கள், அந்தப் பெயர் ஏன் வந்தது என்று தெளிவாக எழுதி வைக்க வேண்டும். மலையில் பிறந்து படிக்கும் மாணவரைவிடப் பொருத்தமானவர் யார்?

கன்டென்ட் மேனேஜ்மென்ட் என்பது என்ன?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். முன்பெல்லாம் ஒரு வெப் பக்கத்தில் ஒரு வரியை மாற்றவேண்டும் என்றால் அதன் ஹெச்டிஎம்எல் ஃபைலைத் திறந்து, திருத்தி, மறுபடி சர்வரில் ஏற்ற வேண்டும். தெரிந்த ஒருவர் மட்டுமே தொட முடியும். வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா போன்ற கன்டென்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர்கள் இந்தக் கஷ்டத்தைப் போக்கின. பக்கத்தின் தோற்றம் தனி, உள்ளே உள்ள எழுத்தும் படமும் தனி. கடிதம் டைப் செய்யத் தெரிந்தவர் பக்கத்தையும் திருத்தலாம். இவை மூன்றுமே இலவசமாகக் கிடைப்பவை.

வேர்ட்பிரஸில் ஒவ்வொருவருக்கும் தனி லாகின் கொடுத்து, யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்றும் நிர்ணயிக்கலாம். கான்ட்ரிபியூட்டர் என்ற நிலையில் இருப்பவர் எழுதலாம், ஆனால் தானாக வெளியிட முடியாது. எடிட்டர் நிலையில் இருப்பவர் படித்துப் பார்த்து வெளியிடுவார். மாணவர் கான்ட்ரிபியூட்டர், ஆசிரியர் எடிட்டர் என்று வைத்தால் ‘பிள்ளைகள் கையில் கொடுத்தால் ஏதாவது ஆகிவிடுமே’ என்ற பயம் தேவையில்லை. ஒரு பக்கத்தைத் திருத்தும்போது பழைய வடிவத்தையும் அதுவே சேமித்து வைக்கும். தவறு நடந்தால் முந்தைய வடிவத்துக்குத் திரும்பலாம்.

இன்ஜினியரிங் படித்த நான்கு வருடத்தில் எங்களுக்கு புரோகிராம் எழுதக் கற்றுத் தந்தார்கள். ‘இந்தப் பக்கம் கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதி’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. வேலைக்கு வந்த பிறகுதான் அந்த ஒரு வரியின் மதிப்பு புரிந்தது.

மாணவர்களால் முடியுமா?

முடியும் என்பதற்கு வெப் வரலாறே சாட்சி. 1990-ல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் பிரவுசரை எழுதினார். அது நெக்ஸ்ட் என்ற ஒரே வகைக் கம்ப்யூட்டரில்தான் இயங்கியது. மற்ற வகைக் கம்ப்யூட்டர்களிலும் இயங்கும் எளிய பிரவுசரை எழுதியவர் நிக்கோலா பெல்லோ. அப்போது அவர் அங்கே பயிற்சிக்கு வந்திருந்த கணித மாணவி.

ட்ரூபல், பெல்ஜியத்தில் டிரீஸ் பூட்டார்ட் என்ற மாணவர் விடுதி நண்பர்களுடன் செய்தி பரிமாறிக்கொள்ளத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது, 2001-ல் வெளிவந்தது. 2003 மே மாதம் வேர்ட்பிரஸ் வெளிவந்தபோது, அதை மைக் லிட்டிலுடன் சேர்ந்து உருவாக்கிய மேட் முல்லன்வெக் 19 வயது கல்லூரி மாணவர்.

நம் ஊரிலும் உதாரணம் உண்டு. 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழ் விக்கிப்பீடியாவுக்குக் கட்டுரை எழுத தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குப் போட்டி நடத்தியது. மாணவர்கள் தங்கள் பாடங்களைப் பற்றித் தமிழில் எழுதினார்கள். வாய்ப்பும் வழிகாட்டியும் இருந்தால் போதும்.

மலையில் எப்படித் தொடங்குவது?

‘ஜமுனாமரத்தூர் பக்கம் சிக்னலே சரியாக வராதே, இதில் வெப்சைட்டா?’ என்று கேட்பீர்கள். பழகுவதற்கு இன்டர்நெட் தேவையில்லை. எக்ஸாம்ப் என்ற இலவச சாஃப்ட்வேரையும் வேர்ட்பிரஸையும் ஊரில் ஒருமுறை டவுன்லோடு செய்து பென்டிரைவில் எடுத்துப் போனால், பள்ளியில் உள்ள ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரே சர்வராகிவிடும். அதில் பக்கம் உருவாக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம், மறுபடி தொடங்கலாம். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இதைச் செய்து பார்க்கலாம். செலவு இல்லை. நன்றாகப் பழகிய பிறகு இன்டர்நெட்டில் ஏற்றினால் போதும்.

சிக்னல் குறைவு என்பதே ஒரு நல்ல பாடமும்கூட. செல்போனில் எடுக்கும் படம் ஒன்று 4 எம்பி என்று வைத்துக்கொள்வோம். பத்துப் படம் போட்டால் 40 எம்பி. நொடிக்கு 1 மெகாபிட் வேகம் கிடைக்கும் இடத்தில் அந்தப் பக்கம் முழுதாகத் திறக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அதே படங்களை 150 கேபி அளவுக்குச் சுருக்கினால் மொத்தம் 1.5 எம்பி. பன்னிரண்டு விநாடியில் திறந்துவிடும். இந்தக் கணக்கை நகரத்து மாணவரைவிட மலை மாணவர் சீக்கிரம் புரிந்துகொள்வார். காத்திருந்து சலித்தவர் அவர்தானே.

இன்னொரு முக்கியமான விஷயம், தமிழ் எழுத்து. அறிவிப்பை டிடிபி சென்டரில் அடித்து, படமாக ஸ்கேன் செய்து வெப்சைட்டில் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பெரும்பாலும் தேடலில் அந்த எழுத்து சிக்காது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடருக்கும் அது வெறும் படம்தான். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. விண்டோஸ் 11-ல் தமிழ்99 கீபோர்டு உள்ளேயே இருக்கிறது. மாணவர் உதவியாளருக்கு முதல் வாரப் பாடம் தமிழ் டைப்பிங்காக இருக்கட்டும். டிசைன் பிறகு வரட்டும்.

முதல் வேலையாக என்ன எழுதலாம்? சாமை எப்போது விதைத்து எப்போது அறுக்கிறார்கள், தேன், புளி, பலா எங்கே விற்பனைக்கு வருகிறது, உண்டு உறைவிடப் பள்ளியில் சேர என்னென்ன சான்றிதழ் வேண்டும். பத்துப் பக்கம் போதும். ஆனால் பத்தும் சரியாக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் பொறுப்பேற்றுச் சரிபார்க்க வேண்டும்.

ஏஐ வந்துவிட்டதே!

‘ஒரு நிமிடத்தில் ஏஐ வெப்சைட் செய்து தருகிறது, இனி எதற்கு இதெல்லாம்?’ என்பது இன்றைய கேள்வி. தோற்றத்தை ஏஐ செய்யும், மறுக்கவில்லை. ஆனால் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது அதற்கு எப்படித் தெரியும்? ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதிலிருந்துதான் அது கற்கிறது. இன்டர்நெட்டில் பழைய மாவட்டப் பெயர் இருந்தால் அதையே அழகான தமிழில் திருப்பிச் சொல்லக்கூடும். ஆகவே சரியான தகவலை எழுதி வைப்பவரின் தேவை கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை.

இன்னொரு எதிர்ப்பு நியாயமானது. ‘உதவியாளர்’ என்று பெயர் வைத்து மாணவரிடம் இலவசமாக வேலை வாங்கக் கூடாது. எனவே நிர்வாகங்கள் நான்கு விஷயங்களை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். செய்த வேலைக்கு ஒரு சிறு உதவித்தொகை. எழுதியவர் விரும்பினால் பக்கத்தில் அவர் பெயர். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்ற வரம்பு, தேர்வு நேரத்தில் விடுமுறை. படிப்பு முடிந்து போகும்போது அடுத்த மாணவருக்குப் பொறுப்பை ஒப்படைக்கும் முறை.

கடைசி விஷயத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். பாஸ்வேர்டு ஒரே மாணவரிடம் இருந்து, அவர் வேலைக்காக வெளியூர் போய்விட்டால் வெப்சைட் அநாதையாகிவிடும். டொமைன் பெயரைக் காலக்கெடுவுக்குள் புதுப்பிக்காவிட்டால் வேறு யாராவது அதை வாங்கிவிடலாம். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டும் டொமைன் பதிவும் நிறுவனத்தின் பெயரில், ஆசிரியர் பொறுப்பில் இருக்கட்டும். மாணவருக்குத் தனி லாகின் போதும்.

பிள்ளையை கோர்ஸில் சேர்க்கப் போகும் பெற்றோர் சென்டரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். ‘வெப்சைட் செய்யக் கற்றுத் தருவீர்கள் சரி, அதை ஒரு வருடம் பராமரிக்கவும் கற்றுத் தருவீர்களா?’ பதில் திருப்தியாக இல்லை என்றால், அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் எக்ஸாம்பை நிறுவி, உங்கள் ஊரைப் பற்றி ஐந்து பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தேதி இருக்கட்டும். ஒரு மாதம் கழித்து அதைத் திறந்து, எதெல்லாம் மாறியிருக்கிறது என்று உங்கள் பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள்.