லேசர் நாளன்று "இன்று வேண்டாம்" என்று சொன்னால்

ராஜபாளையத்திலிருந்து விடியற்காலைப் பேருந்தில் ஏறி, ஏறத்தாழ 85 கிலோமீட்டர் கடந்து மதுரைக்கு வந்து சேரும் குடும்பத்தினர் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "லேசர் எவ்வளவு நேரம் ஆகும்?" ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்றதும் முகம் தெளிகிறது. பிற்பகல் பேருந்தைப் பிடித்துவிடலாம் என்று கணக்கும் போட்டுவிடுகிறார்கள். அந்த விடை உண்மைதான். ஆனால் அந்த நாள் எப்படிக் கழியும் என்பதை அது சொல்வதில்லை.

அன்றைய பொழுதின் பெரும்பகுதி அளப்பதில் செல்கிறது. கருவிழியின் நடுப்பகுதித் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதன் மேற்பரப்பில் மெல்லிய மடல் ஒன்றை விலக்கி, அடியிலுள்ள திசுவைச் செதுக்கி வளைவை மாற்றுவதே லேசிக். பவர் கூடக்கூடச் செதுக்கவேண்டிய அளவும் கூடும். எஞ்சிய பகுதி போதிய வலுவின்றிப் போனால், கருவிழி நாளடைவில் முன்னே பிதுங்கி, கண்ணாடியாலும் முழுமையாகத் திருத்த இயலாத குறையை உண்டாக்கலாம். செதுக்கிய திசுவைத் திரும்ப வைக்க வழியில்லை. ஆகவேதான் முன்னரே எடுத்த அளவுகள் கையில் இருந்தாலும் அன்று காலையில் மீண்டும் அளக்கிறோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளம்பெண்ணைத் தந்தை அழைத்து வந்திருந்தார். முந்தைய இரவு வரை கான்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தாள். கருவிழியின் வரைபடத்தில் கீழ்ப்பக்கம் ஒரு மேடு தெரிந்தது. லென்ஸ் அழுத்தியதால் வந்த தற்காலிக மாற்றமா, கூம்புக் கருவிழி நோயின் தொடக்கமா என்று அன்று பிரித்தறிய இயலாது. இன்று வேண்டாம் என்றேன்.

"பத்து நாள்ல நிச்சயதார்த்தம், டாக்டர். கண்ணாடியோட பிள்ளைய எப்படி உட்கார வைப்பேன்?" என்றார் தந்தை. அவருடைய கோபம் எனக்கு விளங்காமல் இல்லை. லென்ஸை அறவே நிறுத்தச் சொல்லி, ஒரு மாதம் கழித்து மீண்டும் அளந்தோம். மேடு அப்படியே இருந்தது. அந்தக் கண்ணுக்கு லேசிக் என்றைக்குமே கூடாது. கருவிழியை உறுதிப்படுத்தும் வேறு சிகிச்சைக்கே அவளை அனுப்பினோம். நிச்சயதார்த்தம் கண்ணாடியோடுதான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்று தந்தையே பின்னர் சொன்னார்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: லேசர் நாளை முகூர்த்த நாளோடு முடிச்சுப் போடாதீர்கள். நாள் நெருங்கியிருந்தால், வேண்டாம் என்ற சொல்லைக் கேட்கும் மனநிலை குடும்பத்துக்கு இராது; சொல்லும் துணிவு மருத்துவருக்கும் குறையக்கூடும். சீருடைப் பணிக்காக வருபவர்கள், அந்தப் பணியின் விதிகள் லேசர் சிகிச்சையை ஏற்கின்றனவா என்று பார்த்துவிட்டு வருவது நல்லது. இதில் எங்கள் தவறும் உண்டு. "சில விநாடிகளில் முடியும்" என்பதைப் பெரிய எழுத்திலும், "எல்லாக் கண்ணுக்கும் பொருந்தாது" என்பதைச் சிறிய எழுத்திலும் அச்சிடுவது மருத்துவ விளம்பரங்களின் வழக்கமாகிவிட்டது.

அளவுகள் சரியாக அமைந்தால் அடுத்தது அறுவை அரங்கு. அன்று மை, நறுமணத் தைலம் எதுவும் வேண்டாம். ஊசி கிடையாது, சொட்டு மருந்தே கண்ணை மரத்துப்போகச் செய்யும். இமை மூடாதபடி சிறு கருவி பிடித்துக்கொள்ளும். மடல் எடுக்கும்போது ஒரு வளையம் கண்ணை அழுத்தும்; அப்போது சில விநாடிகள் பார்வை மங்கும், சிலருக்கு இருண்டே போகும். முன்பே அறிந்தவர்கள் அமைதியாகக் கிடப்பார்கள். அறியாதவர்கள் பார்வை போய்விட்டதென்று பதறுவார்கள். கண் சற்றே அசைந்தால் லேசர் அதைப் பின்தொடரும். மிகுதியாக அசைந்தால் தானே நின்றுவிடும்.

முடி பொசுங்குவது போன்ற வாடையும் வரும். கண் எரிகிறதோ என்று அஞ்ச வேண்டாம். இந்தப் புற ஊதாக் கதிர் சூட்டால் பொசுக்குவதில்லை. திசுவின் மூலக்கூறுப் பிணைப்புகளை அறுத்து நீக்குகிறது. சென்னையில் பிறந்த அறிவியலாளர் ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்தில் 1981-இல் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில் இதைச் சோதித்தார். சுற்றியுள்ள பகுதி கருகாமல் வெட்டுப்பட்டதை அவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் கண்டார்கள். அந்தக் கண்டுபிடிப்பே பின்னாளில் கண் அரங்குக்கு வந்தது.

முடிந்ததும் கட்டுப் போடமாட்டோம். சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணிக்கு இங்கே வேலையில்லை. கண்ணைக் காக்க ஒளி ஊடுருவும் மூடி மட்டுமே. முதல் சில மணி நேரம் மணல் விழுந்தாற்போல் உறுத்தலும் நீர்வடிதலும் இருக்கும். வீட்டார் பயப்படுவது இப்போதுதான். சொட்டு மருந்தை விட்டுத் தூங்க வையுங்கள். ஆனால் தாங்க முடியாத வலியோ, திடீரென்று பார்வைக் குறைவோ வந்தால் விடியும் வரை காத்திராமல் உடனே அழைக்கவேண்டும்.

மறுநாள் காலையில் மடல் சரியாகப் படிந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்த்தாக வேண்டும். ஆகவே அன்றே ஊர் திரும்பாமல் இரவு இங்கே தங்குவதற்கு ஏற்பாட்டோடு வாருங்கள். கண்ணைக் கசக்கக் கூடாது. நாங்கள் சொல்லும் நாள் வரை தலைக்குக் குளிப்பதும், கோயில் தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும் வேண்டாம். நூற்பாலையில் பஞ்சுத் தூசியில் வேலை செய்பவர்கள் எப்போது பணிக்குத் திரும்பலாம் என்று கேட்டுச் செல்லுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் பலர் படிக்காமல் தாண்டும் ஒரு வரி உண்டு: 40 வயதைக் கடந்தால், லேசர் செய்துகொண்டவருக்கும் படிக்கும் கண்ணாடி தேவைப்படும். இந்தக் கட்டுரையை நானும் அப்படியொரு கண்ணாடியோடுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.