புளூ காய்ச்சலுக்குப் பென்சிலின் எதற்கு?

1957-ம் ஆண்டு மே மாதம். ஆசியாவைக் கலக்கிய புளூ காய்ச்சல் சென்னைக்கு வந்தது. சில மாதங்களுக்குள் இந்தியா முழுவதும் பல லட்சம் பேர் படுக்கையில் விழுந்தார்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி, இத்தனை பேரை எப்படிச் சாய்த்தது?

கள்ளச் சாவி

இந்தக் கிருமிக்கு "வைரஸ்" என்று பெயர். ஒரு மில்லிமீட்டரை 10 ஆயிரம் கூறு போட்டால், ஒரு கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் பருமன். அதற்குச் சாப்பிடத் தெரியாது. தானாகப் பெருகவும் தெரியாது. பெருக வேண்டுமானால் இன்னொரு உயிரின் உடம்புக்குள் புக வேண்டும்.

நம் மூக்கிலும், தொண்டையிலும், மூச்சுக் குழாயிலும் உள்ள உயிரணுக்களே அது புகும் வீடு. அந்த உயிரணுவின் மேல் "சியாலிக் அமிலம்" என்ற ஒரு வகைச் சர்க்கரைப் பொருள் இருக்கிறது. அதுதான் பூட்டு. வைரஸின் மேல் முள் முள்ளாக நிற்கும் புரதம்தான் சாவி. சாவி பொருந்தியதும் உயிரணு ஏமாந்து போகிறது. வைரசை உள்ளே இழுத்துக்கொள்கிறது!

உள்ளே போனதும், வீட்டுக்காரனையே வேலைக்காரன் ஆக்கி விடுகிறது வைரஸ். தன்னைப் போன்ற வைரஸ்களை ஆயிரக்கணக்கில் செய்ய வைக்கிறது. அவை வெளியேறும்போது அதே சர்க்கரையில் ஒட்டிக்கொள்ளும். அதை வெட்டி விட, கத்தரிக்கோல் போல இன்னொரு புரதமும் வைத்திருக்கிறது!

பயன் இல்லாத ஊசி

பென்சிலின் என்ன செய்கிறது? "பாக்டீரியா" என்ற வேறு வகைக் கிருமியின் சுவரைக் கட்ட விடாமல் தடுக்கிறது. வைரசுக்கோ அந்தச் சுவரே கிடையாது. இல்லாத சுவரை எப்படி இடிப்பது?

அப்படி இருந்தும், "ஒரு ஊசி போடுங்கள், டாக்டர்" என்று பலர் பிடிவாதம் பிடிக்கிறார்கள். கடையில் தாங்களே மாத்திரை வாங்கி விழுங்குவோரும் உண்டு. இது தவறு. காசு வீணாவது மட்டும் அல்ல. உடம்பில் உள்ள பாக்டீரியாக்கள் அந்த மருந்துக்குப் பழகி விடுகின்றன. நாளைக்குக் குழந்தைக்கு உண்மையிலேயே நிமோனியா வந்தால், அந்த மருந்து கேட்காமல் போகலாம்!

புளூவை அடுத்துச் சிலருக்கு பாக்டீரியாவால் நிமோனியா வருவது உண்டு. அப்போது இந்த மருந்து தேவைதான். அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்.

என்ன செய்யலாம்?

கத்தரிக்கோலை மழுங்கடிக்கும் மருந்து இருக்கிறது. காய்ச்சல் கண்ட 2 நாட்களுக்குள் கொடுத்தால் நல்ல பலன் தரும். சாவியையே மூடி விடும் தடுப்பு ஊசியும் இருக்கிறது. ஆனால், வைரஸ் அடிக்கடி தன் சாவியை மாற்றிக்கொள்கிறது. ஆகவே, முதியோரும், கர்ப்பிணிகளும், ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்களும் ஆண்டுதோறும் அதைப் போட்டுக்கொள்வது நல்லது.

"இது புளூ. ஊசி தேவை இல்லை. ஓய்வு எடுங்கள்" என்று ஒரு டாக்டர் சொன்னால், அவரை விட்டு வேறு டாக்டரிடம் ஓட வேண்டாம். அவர் சொல்வதே சரி. மூச்சுத் திணறல் கண்டால் மட்டும், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.