அடி விளக்கும் பணி

கிறிஸ்தவ வழிபாடுகளுள் பெரிய வியாழனன்று நிகழும் பாதங் கழுவுதல் தனித்ததோர் இடமுடையது. ஞானஸ்நானமும் திருவிருந்தும் பெரும்பாலான சபைகளுக்குப் பொதுவாயிருக்க, இதனைச் சில சபைகளே கைக்கொள்ளுகின்றன. சப்பாத்தணிந்து திரியும் இக்காலத்தில் இஃதெற்றுக்கு என்பாரும், ஆண்டிற்கொருமுறை நிகழ்த்தினாற் சாலும் என்பாரும் நம்மிடையே உளர். இவ்விரு திறத்தாரும் தண்ணீரை நோக்கினரேயன்றிக் குனிதலை நோக்கிலர் என்பது நம் துணிபு.

பண்டைக் கீழ்நாடுகளில், புழுதி படிந்த காலோடு வரும் விருந்தினர்க்குத் தண்ணீர் அளித்தல் இல்லறத்தார் கடன். ஆபிரகாம் தன் கூடாரத்திற்கு வந்த மூவரையும் அங்ஙனமே உபசரித்தான். ஆயினும் பிறர் காலைத் தன் கையாற் கழுவுதல் அடிமையின் தொழிலாகவே எண்ணப்பட்டது. அங்ஙனமிருக்க, ஆண்டவர் மேலாடையைக் கழற்றி வைத்து, துண்டை அரையிற் கட்டிக்கொண்டு, சீஷர் கால்களைக் கழுவினார் என யோவான் சுவிசேஷம் 13-ஆம் அதிகாரம் கூறும். காட்டிக்கொடுக்கவிருந்த யூதாசும் அப்பந்தியில் இருந்தான். பேதுரு மறுத்ததைப் பணிவென்று பலர் பாராட்டுவர். நாம் அவ்வாறு கருதுகின்றிலேம். தலைவர் குனிந்தால் தொண்டனும் குனிதல் வேண்டும். மேல், கீழ் என்னும் ஒழுங்கு சிதையும். அவ்வொழுங்கைக் காக்கவே பேதுரு மறுத்தான் போலும்.

தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபம், சபையின் பட்டியலிற் சேர்க்கத்தக்க விதவை இன்னாளென வகுக்குமிடத்து, பிள்ளைகளை வளர்த்தல், அந்நியரை உபசரித்தல், துன்புற்றோர்க்கு உதவுதல் ஆகியவற்றோடு பரிசுத்தவான்களின் கால் கழுவுதலையும் ஒருங்கே எண்ணுகின்றது. ஆகலின் அப்பணி அக்காலத்தில் வீட்டு வாயிலுக்குரிய அன்றாடத் தொண்டாகவும் விளங்கிற்று என்பது பெறப்படும். சடங்காக நிலைத்த பின்னரோ கருத்து வேற்றுமை எழுந்தது. 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் தேசத்து எல்விராவிற் கூடிய சங்கம், ஞானஸ்நானம் பெறுவோரின் கால்களைக் குருமார் கழுவலாகாது என விதித்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் மிலான் நகர்ப் பேராயர் அம்புரோசியார், உரோமையில் அவ்வழக்கம் இல்லாதிருந்தும், தம் சபையில் அது நிலைபெறுதல் தகுமென வாதித்தார். சடங்கின் முறை ஊர்தோறும் வேறுபட்டது. ஆண்டவர் காட்டிய மாதிரியோ ஒன்றே.

இம்மாதிரியை விளங்கிக்கொள்ளத் தமிழராகிய நாம் தொலைதூரஞ் செல்லவேண்டுவதில்லை. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்திலிருந்து அரியலூர் செல்லும் இரயில் பாதையில் உள்ளது பெண்ணாகடம். அவ்வூர் வணிகராகிய கலிக்கம்ப நாயனாரின் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்திற் பாடியுள்ளார். நாயனார் சிவனடியார்க்கு அமுதளிக்குமுன் அவர்தம் அடிகளை விளக்குவார். மனைவியார் நீர் வார்ப்பார். ஒருநாள், முன்பு அவர்களுக்கு ஏவல் செய்து பின் நீங்கிப்போன ஒருவர் அடியார் கோலத்தில் வந்தார். நம் ஏவலாளன் அல்லனோ இவன் என்று மனைவியார் தயங்கினார். நாயனார் அவர் கையை வாளால் துணித்து, கரகத்தைத் தாமே வாங்கி, அவ்வடியாரின் காலை விளக்கினார்.

வாளை நாம் ஏற்கோம். திருவேடத்தின் பொருட்டு நாயனார் குனிந்தார். வேடமேதுமற்ற வலைஞர்க்கும் வரிதண்டுவோனுக்கும் ஆண்டவர் குனிந்தார். இவ்வேறுபாடு சிறிதன்று. ஆயினும் ஏவலாளன் காலுக்கு நீர் வார்க்கக் கூசும் கையை இருவர் வரலாறும் ஒருங்கே கடிகின்றன. அக்கை தமிழ்நாட்டுச் சபையிலும் கூசியதுண்டு. திருச்சபைக்குள் சாதி வேற்றுமை ஒழிக என்று பேராயர் தானியேல் வில்சன் 1833-இல் ஆணையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் எதிர்ப்பு மூண்டது. வேறு இருக்கையும், திருவிருந்தில் முன் பின் என்னும் வரிசையும் விட மனமில்லாதார் பலர் இருந்தனர். இன்றும் சில ஊர்களிற் கல்லறைத் தோட்டம் சாதியாற் பிரிந்து கிடக்கின்றது. ஒரே கிண்ணத்திற் பருகியோர் மண்ணில் மட்டும் பிரிந்து கிடப்பதேன்?

2013-இல் போப் பிரான்சிசு உரோமையின் இளங்குற்றவாளிகள் சிறையில் பன்னிருவர் காலைக் கழுவினார். அவருள் பெண்களும் இஸ்லாமியரும் இருந்தனர். மரபு மீறியதெனச் சிலர் முணுமுணுத்தனர். 2016-இல் அச்சடங்கிற் பெண்களையும் சேர்க்கலாமென விதியே மாற்றப்பட்டது. யாருடைய கால் என்னும் வினாவிலேதான் சடங்கின் உயிர் உள்ளதென்பதை இந்நிகழ்ச்சி விளக்கும்.

ஆகலின் இச்சடங்கை விட்டொழித்தல் வேண்டா. அதனோடு அமைந்துவிடுதலும் வேண்டா. வீட்டிலே முன்னரே கழுவித் துடைத்த பன்னிரண்டு கால்களை மீண்டும் நனைப்பதால் யார்க்கு என்ன பயன்? விடுதியில் நமக்கு உணவு சமைப்போர், கழிப்பிடந் துப்புரவு செய்வோர் ஆகியோரின் பெயரை நம்முள் எத்தனை பேர் அறிவர்? அவர் உண்ட இலையை எடுக்க எத்தனை பேர் குனிவர்? கல்வி நம் தலையை உயர்த்துகின்றது, அது நன்றே. உயர்ந்த தலை குனியவும் கற்குமாயின், அக்கல்வி கிறிஸ்தவக் கல்வியாகும். தோழர்காள், கரகம் நம் கையில் உள்ளது; தயங்காது வார்ப்போமாக.